கொக்குக்குத் தண்ணி, படகுக்குக் காற்று: ராமநாதபுரம் கரைக்கு முதல்முறை வருகிறவர்களுக்கு

கோயம்புத்தூரிலிருந்து என் மச்சினர் குடும்பம் ஒரு மே மாதம் வந்திருந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, பறவைகள் சரணாலயம் பார்க்க ஆசை. நானும் பெருமையாக வண்டியில் ஏற்றிக்கொண்டு முதுகுளத்தூர்ப் பக்கம் போனேன். கண்மாய்க் கரையில் ஏறிப் பார்த்தால் உள்ளே வெடித்துக் கிடக்கிற வண்டல், கருவேல மர நிழலில் நாற்பது ஐம்பது ஆடுகள். பறவை என்று சொல்ல ரெண்டு காக்கா. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொக்கு பாக்க வந்தீகளா? அதுக ஐப்பசியில வரும், பங்குனியில போகும். இப்ப வந்தா ஆட்டத்தான் பாக்கலாம்" என்றார். மச்சினர் மகள் இன்றைக்கும் அந்த இடத்தை 'ஆட்டுச் சரணாலயம்' என்றுதான் சொல்கிறாள்.

உள்ளூர்க்காரன் எனக்கே இந்தக் கதி. அதனால் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் "அங்கே ஒன்றுமே இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருவதில்லை. எந்த மாதம் வந்தீர்கள் என்று மட்டும் கேட்பேன். இந்தக் கரையில் சரணாலயத்துக்கு மதில் கிடையாது. தாவரவியல் பூங்காவுக்குக் கண்ணாடி வீடு கிடையாது. கண்மாய், கழிமுகம், தீவு, மணல்மேடு எல்லாம்தான் சரணாலயம். தண்ணீரும் காற்றும் ஒத்துழைத்தால் கதவு திறக்கும். இல்லையென்றால் ஆடுதான்.

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள்

அறை பிடிப்பது, வண்டி பேசுவது எல்லாம் பிறகு. முதல் வேலை காலண்டரைப் பார்ப்பது.

தனுஷ்கோடியைத் தவிர, ராமநாதபுரம் மாவட்டத்தில் பறவைகள் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டவை எல்லாமே அடிப்படையில் பாசனக் கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழை பெய்ய வேண்டும், அல்லது வைகையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைசிவரை வந்து சேர வேண்டும். தண்ணீர் நிறைந்தால் உள்ளே நிற்கிற கருவேல மரங்கள் தீவு மாதிரி ஆகிவிடும். சுற்றிலும் தண்ணீர் நின்றால் கூட்டுக்கு நாய், நரி, கீரித் தொல்லை இருக்காது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் அதைப் பார்த்துத்தான் கூடு வைக்க வருகின்றன. ஆக நவம்பரில் மழை எப்படி என்று பத்திரிகையில் பார்த்துக்கொண்டே இருங்கள். மழை பொய்த்த வருடம் என்றால் கண்மாய்த் திட்டத்தைக் கைவிட்டுவிட்டுக் கடல் பக்கம் மட்டும் வாருங்கள். வீம்புக்குப் போய்ப் பலன் இல்லை.

கடலுக்குக் கணக்கு வேறு. இங்கே கடல் ஒன்றல்ல, இரண்டு. ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்களுக்கு அது வடகடல், இது தென்கடல். தனுஷ்கோடியில் கேட்டால் பெண்கடல், ஆண்கடல் என்பார்கள்; வடக்கு அமைதி, தெற்கு ஆர்ப்பாட்டம். ஆனால் வருடம் முழுக்க அப்படியே இருக்காது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர்வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். தென்கடல் கொந்தளித்து, தண்ணீர் கலங்கி, கண்ணாடி அடித்தளப் படகில் போனாலும் காப்பித் தண்ணீரைப் பார்த்த மாதிரிதான் இருக்கும். வாடைக்காற்று வீசுகிற அக்டோபர் முதல் ஜனவரிவரை வடகடலின் முறை. அப்போது தென்கடல் படுத்துக் கிடக்கும். மண்டபம் பக்கத்து மீனவர்கள் இதைப் பார்த்துத்தான் படகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றுவார்கள். நீங்களும் அவர்களைப் பின்பற்றினால் போதும்.

வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வர முடியும் என்றால் தை கடைசியிலோ மாசியிலோ வாருங்கள். பிப்ரவரியைச் சுற்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மாயில் இன்னும் தண்ணீர் இருக்கும், குஞ்சுகள் பெரிதாகிக் கூட்டில் எம்பிக்கொண்டிருக்கும். தனுஷ்கோடியில் பூநாரை நிற்கும். ஆமைகள் முட்டையிடத் தொடங்கியிருக்கும். இரண்டு கடலும் ஓரளவு அடங்கியிருக்கும். வெயிலும் தாங்கும்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது, அறை வாடகை எகிறிவிடும். அக்டோபர் கடைசி வாரம் பசும்பொன் தேவர் குருபூஜையை ஒட்டி மாவட்டத்துக்குள் வாடகை வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். செப்டம்பர் இரண்டாவது வாரம் இமானுவேல் சேகரன் நினைவு நாளுக்கும் அப்படித்தான். வெளியூர் ஓட்டுநர்களுக்கு இது தெரியாது. நடுவழியில் திருப்பி அனுப்பிய பிறகு முழிப்பார்கள்.

தங்க இடம், வண்டி

பெரும்பாலானவர்கள் ராமேஸ்வரத்தில் அறை எடுத்துவிட்டு எல்லா இடத்துக்கும் அங்கிருந்தே போகப் பார்க்கிறார்கள். அது தப்புக் கணக்கு. ராமேஸ்வரம் ஒரு மூலை. ராமநாதபுரத்துக்கும் அதற்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர். பறவைக் கண்மாய்கள், காரங்காடு, ஏர்வாடிப் பக்கம் எல்லாவற்றுக்கும் ராமநாதபுரம் நகரம்தான் நடு. முதல் இரண்டு இரவு ராமநாதபுரம், கடைசி இரவு ராமேஸ்வரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரை விமான நிலையத்திலிருந்து சாலை வழியாக இரண்டு இரண்டரை மணி நேரம். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபிறகு ரயில் மறுபடியும் ராமேஸ்வரம்வரை ஓடுகிறது.

அரசுப் பேருந்து எல்லா ஊருக்கும் உண்டு. ஆனால் பறவை பார்க்க விடிகாலையில் கண்மாய்க் கரையில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பேருந்து கைகொடுக்காது. ஒரு நாளைக்காவது கார் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டுநர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். சிலர் 'சைட் சீயிங்' என்றதும் கோயில் கோயிலாகத்தான் கூட்டிப் போவார்கள், அவர்கள் பழக்கம் அது. ஆகவே ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

கண்மாய்: எங்கே, எப்படி நிற்பது

நேரம் குறைவு என்றால் சக்கரக்கோட்டை. ராமநாதபுரம் ஊரை ஒட்டியே இருக்கிற கண்மாய். தேர்த்தங்கல் நயினார்கோவில் பக்கம். இந்த இரண்டும் 2025-ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. முதுகுளத்தூர்ப் பக்கமுள்ள சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 1989-லேயே சரணாலயங்களாகி, 2022-ல் ராம்சர் தலங்களாக அறிவிக்கப்பட்டவை. சாயல்குடி வழியில் மேலச்செல்வனூர் – கீழச்செல்வனூர் இருக்கிறது. 593 ஹெக்டேர், மறுகரை கண்ணுக்கு எட்டாது. பெரிதாக இருப்பதில் ஒரு சங்கடம், பறவை தூரத்தில் நிற்கும். முதல்முறை வருகிறவர்களுக்கு நான் சித்திரங்குடியைத்தான் சொல்வேன். கண்மாய் நிறைந்திருந்தால் கரையிலிருந்தே கூடுகள் தெரியும்.

காலை ஆறு மணிக்குக் கரையில் இருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் வருகிற மாதிரி, அதாவது கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்க்கிற மாதிரி இடம் பிடியுங்கள். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புத்தான். இருநோக்கி இல்லாமல் வராதீர்கள், எட்டு மடங்கு உருப்பெருக்கம் போதும். பளிச்சென்ற சிவப்பு, வெள்ளைச் சட்டை வேண்டாம். பாட்டு வேண்டாம். கரையிலிருந்து கீழே இறங்கி மரத்தை நெருங்கவே வேண்டாம். பெரிய பறவை பயந்து எழுந்தால் கூட்டிலிருக்கிற முட்டை வெயிலில் காயும், காக்கா தூக்கிக்கொண்டு போகும்.

முதலில் தெரிவது நாற்றம். எச்சமும் அழுகின மீனும் கலந்த வாடை. ஐந்து நிமிடத்தில் மூக்குப் பழகிவிடும். அந்த எச்சம் கரைந்த தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சினால் உரமே வேண்டாம் என்பார்கள் சம்சாரிகள்.

பிறகு ஒரு மரத்தை மட்டும் தேர்ந்தெடுத்து அரைமணி நேரம் பாருங்கள். உச்சியில் கூழைக்கடா இருக்கும். அதன் தாடைப்பை தளர்ந்து தொங்க, குஞ்சு அதற்குள் தலையை விட்டு, கழுத்துவரை உள்ளே போய்த் தின்னும். பார்க்கிறவர்களுக்குக் குஞ்சை விழுங்குகிறதோ என்றுகூடத் தோன்றும். நடுக்கிளையில் மஞ்சள் மூக்கு நாரை. அதன் அடியில் நத்தை குத்தி நாரை. அலகை மூடினாலும் நடுவில் பாக்கு வெட்டி மாதிரி இடைவெளி இருக்கும், நத்தையைப் பிடிக்க. தாழ்ந்த கிளைகளில் நீர்க்காகம், சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு. பாம்புத்தாரா நீந்தும்போது உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே. பிள்ளைகள் பாம்பு என்று கத்துவார்கள். கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் ஓரத்துச் சேற்றில். ஒரே மரத்தில் மாடிவீடு மாதிரி ஒவ்வொருவருக்கும் ஒரு தளம். நாற்பது கண்மாயைச் சுற்றி ஓடுவதைவிட இது நிறைவாக இருக்கும்.

எட்டரை மணிக்குமேல் அனல் எழும்ப ஆரம்பித்துவிடும், இருநோக்கியில் எல்லாம் நெளியும். கிளம்பிவிடுங்கள்.

காரங்காடு: அலையாத்திக்குள்

ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டி, தொண்டிக்கு முன்னால் கிழக்கே திரும்ப வேண்டும். கோட்டைக்கரையாறு கடலில் சேருகிற இடம், அலையாத்தி என்கிற கடலோரச் சதுப்புக் காடு. மீனவக் கிராமம், வாசலில் வலை காயும், தேவாலயக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற சூழல் சுற்றுலா இது. படகு ஓட்டுகிறவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள்தான்.

போகும் வழிமுறை எளிது. கரையில் சீட்டு வாங்குங்கள், உயிர்காப்புச் சட்டையைப் போட்டு வார்களை இறுக்குங்கள், படகில் நடுவில் உட்காருங்கள். மோட்டார்ப் படகா துடுப்புப் படகா என்று கேட்பார்கள். வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் மோட்டார்ப் படகு. மற்றவர்கள் கயாக் எனப்படுகிற துடுப்புப் படகில் போங்கள். சத்தம் இல்லாததால் பறவை அசையாது. காலை ஏழு எட்டு மணி, அல்லது மாலை நாலரைக்குமேல் நல்லது. நடுப்பகலில் தண்ணீரிலிருந்து எழுகிற வெக்கை தலையைக் கிறுகிறுக்கச் செய்யும்.

கயாக் ஏறுமுன் "நீர் ஏறியிருக்கா, வத்தியிருக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாக் விரிகுடாவில் ஏற்றவற்றம் பெரிதாக இருக்காது, மொத்தமே முழங்காலளவு வித்தியாசம்தான். ஆனால் ஓடை அவ்வளவு ஆழமும் கிடையாதே. ஒருமுறை நான் கேட்காமல் கொள்ளாமல், வழிகாட்டித் தம்பி போன பெரிய வாய்க்காலை விட்டுவிட்டுச் சின்னக் கிளை ஒன்றில் புகுந்தேன். பத்து நிமிடத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. துடுப்பால் ஊன்றினால் துடுப்பு உள்ளே போகிறது, இழுத்தால் சப்தம் மட்டும் வருகிறது. தம்பி திரும்பி வந்து, இடுப்பளவு சேற்றில் இறங்கித் தள்ளிவிட்டுச் சொன்னது: "அண்ணே, காத்தாட வந்தீகளா, கண்டல் செடி நட வந்தீகளா?" அதற்கப்புறம் அவன் பின்னாலேயே போனேன்.

இங்கே கண்ணில் அதிகம் படுவது வெண்கண்டல் என்கிற அலையாத்தி மரம். ஒரு கிளையைப் பிடித்து நிறுத்திக்கொண்டு இலையைப் பாருங்கள், ஒடிக்க வேண்டாம். மேலே பளபளப்பான பச்சை, அடியில் சாம்பல் பூசிய மாதிரி வெளிறிய நிறம். விரலால் தடவி நாக்கில் வைத்தால் உப்பு கரிக்கும். வேர் உறிஞ்சுகிற தண்ணீரோடு வந்த உப்பை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளிவிடும். வெயிலில் அது பொடியாகக் காய்ந்து நிற்கும். சேற்றில் ஆணி அடித்த மாதிரி ஆயிரக்கணக்கில் நட்டுக்கொண்டு நிற்பவை மூச்சுவேர்கள். உப்புச் சேற்றில் காற்று கிடையாது, அதனால் வேர் தலைகீழாக மேலே வந்து மூச்சு வாங்குகிறது. அதை மிதித்து நடந்தால் மரத்தின் மூக்கை மிதித்த மாதிரி. அந்த வேர்களுக்கு இடையில் நண்டு வளைகள். ஒரு கை மட்டும் பெரிதாக உள்ள சிறிய நண்டு அந்தக் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். கூப்பிடுவது உங்களை அல்ல, பெண் நண்டை.

தில்லை மரம் பற்றி ஓர் எச்சரிக்கை. பழுத்த இலைகள் சிவந்து அழகாக இருக்கும், ஒடித்தால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. பேர் தெரியாத மரத்தைத் தொட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

படகிலிருந்து இறங்கியதும் பசிக்கும். ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துத் தருகிறார்கள். ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போனால் இறங்கும்போது தயாராக இருக்கும். இறங்கியபிறகு சொன்னால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியதுதான். காரம் தூக்கலாக இருக்கும். மாவட்டமே முண்டு மிளகாய்க்குப் பேர்போனது, புவிசார் குறியீடுகூட வாங்கிவிட்டது.

தீவுகள்: பார்க்கலாம், இறங்க முடியாது

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா, 1989-ல் உயிர்க்கோளக் காப்பகம். 21 என்று கணக்குச் சொன்னாலும் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுக்கிற பவளப்பார் போனபிறகு தீவு எப்படி நிற்கும்?

தேசியப் பூங்கா என்பதால் அனுமதி இல்லாமல் எந்தத் தீவிலும் கால் வைக்கக் கூடாது. கரையில் யாராவது வந்து "நான் படகில் கூட்டிப் போய்த் தீவில் இறக்கிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது" என்றால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். பிடிபட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு, படகும் போகும். அவருடைய பிழைப்பும் சேர்ந்து போகும்.

முறையான வழி இரண்டு. ஒன்று, பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால். விவேகானந்தர் சிகாகோ போய்த் திரும்பியபோது 1897-ல் வந்திறங்கிய கரை, நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்து வனத்துறை ஏற்பாட்டில் குருசடைத் தீவுப் பக்கம் படகு. விலங்கியல் படித்தவர்களுக்குக் குருசடை என்றதும் பாலனோகுளோசஸ் ஞாபகம் வரும். முதுகெலும்பு உள்ளதற்கும் இல்லாததற்கும் நடுவே ஒரு கயிறு மாதிரி நிற்கிற புழு. பரீட்சைக்குப் படம் போட்டுப் பாகம் குறித்தவர்கள் அந்த மணலை ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

இன்னொன்று, ஏர்வாடிப் பக்கம் பிச்சைமூப்பன்வலசை. கடற்புல் பார்க்க இதுதான் இடம். கடலுக்கடியில் புல்வெளி என்றால் முதலில் யாரும் நம்புவதில்லை. பாசி வேறு, புல் வேறு. பாசிக்கு வேர், பூ கிடையாது, கடற்புல்லுக்கு இரண்டும் உண்டு. தண்ணீருக்குள்ளேயே பூத்து, தண்ணீருக்குள்ளேயே காய்க்கும். தண்ணீர் தெளிந்த நாளில் குனிந்து பார்த்தால் காற்றடிக்கிற நெல்வயல் மாதிரி ஒரே பக்கம் சாய்ந்து சாய்ந்து நிமிரும். ஆவுளியா என்று மீனவர்கள் சொல்கிற கடல்பசு மேய்வது இதில்தான். ஆவுளியாவைப் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு மட்டும் வராதீர்கள். ஆயுசு முழுக்கக் கடலில் கிடந்தவர்களே விரல்விட்டு எண்ணித்தான் சொல்வார்கள்.

இரண்டு இடத்துக்கும் முதல் நாளே வனத்துறையிடம் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றுபோன நாளில் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கடல்வாழ் உயிரினக் காட்சியகம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொழுது போகும். பவளத்தைக் கண்ணாடித் தொட்டியில் பார்ப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனால் படகில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு அதுவே மேல்.

செடி பார்க்க வருகிறவர்களுக்கு

ஊட்டியை மனசில் வைத்துக்கொண்டு இங்கே தாவரவியல் பூங்கா தேடாதீர்கள். புல்தரையும் ரோஜாவும் இந்த மண்ணில் நிற்காது. ஆனால் அச்சடிப்பிரம்பு என்ற ஊரில் பாலைத் திணைக்கென்று, அந்த நிலத்துச் செடி மரங்களைக் காத்து வளர்க்கிற ஒரு மரபணுப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். ஐந்து திணைக்கும் தமிழ்நாட்டில் ஐந்து பூங்காக்கள். குறிஞ்சி ஏற்காட்டில், முல்லை சிறுமலையில், நெய்தல் திருக்கடையூரில். கடலோர மாவட்டமான நமக்கு நெய்தல் கிடைக்காமல் பாலை வந்திருக்கிறதே என்று முதலில் எனக்கு வருத்தம்தான். உச்சி வெயிலில் அங்கே நின்றபிறகு சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள் என்று பட்டது. வெட்பாலை, இலுப்பை, கள்ளி, வாகை என்று திணையோடு சேர்த்துப் படித்த பெயர்களைப் பலகையில் தேடிக்கொண்டே நடக்கலாம். காலை அல்லது மாலை போங்கள், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய்தலுக்குப் பூங்கா தேவையில்லை, கரையே பூங்கா. மண்டபம் தாண்டியதும் சாலையோரம் குடை விரித்தாற்போலத் தட்டையான தலையோடு நிற்கும் உடைமரம்; ராமேஸ்வரம் தீவின் அடையாளமே அதுதான். சீமைக்கருவேலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வந்தேறி, கண்ட பக்கமெல்லாம் கிளைக்கும்.

தனுஷ்கோடி மணலில் அடும்பங்கொடி படர்ந்திருக்கும். இலை ஆட்டுக் குளம்பு மாதிரி இரண்டாகப் பிளந்து, பூ கத்தரிப்பூ நிறம். அதன் பக்கத்தில் ராவணன் மீசை என்கிற புல். தொட்டால் குத்தும். அதன் கதிர் உருண்டையாக, நாலாபுறமும் முள்ளாக, கைப்பந்து அளவுக்கு இருக்கும். காய்ந்து ஒடிந்ததும் காற்று அதை உருட்டும். ஒருநாள் மதியம் சாலையில் நின்றபோது பத்துப் பதினைந்து உருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக முள் நுனியில் துள்ளித் துள்ளி, சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனதைப் பார்த்தேன். போகிற வழியெல்லாம் விதையை உதிர்த்துக்கொண்டே போகும். இந்தக் கொடியும் புல்லும் பிடித்து வைத்திருப்பதால்தான் மணல்மேடு மேடாக இருக்கிறது. அதன்மேல் கார் ஏற்றிப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

தென்கடல் கரை ஊர்களில் காலையில் பெண்கள் பாசி காயவைத்துக்கொண்டிருப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி. பேரைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். படம் எடுக்குமுன் "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை.

தனுஷ்கோடி: பூநாரையும் ஆமையும்

1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்று எல்லாரும் இடிந்த தேவாலயத்தைப் படம் பிடித்துவிட்டு அரிச்சல்முனைக்குப் பறப்பார்கள். நீங்கள் போகிற வழியில், சாலைக்கு வடக்கே தேங்கிக் கிடக்கிற ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பைக் கவனியுங்கள். ஜனவரிக்குமேல் பூநாரைகள் அங்கே நிற்கும். தூரத்தில் வெள்ளைக் கோடு மாதிரித்தான் முதலில் தெரியும். பறந்தால்தான் சிறகின் சிவப்பும் கறுப்பும் வெளிப்படும். அதற்காகக் கைதட்டிப் பறக்கவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வந்து இரை எடுத்துக்கொண்டிருக்கிறது, அதன் சோற்றில் மண் போட வேண்டாம். 2025-ல் இந்தப் பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வண்டியைச் சாலையிலேயே ஓரங்கட்டிவிட்டு அங்கிருந்தே பாருங்கள். மணலில் இறக்கினால் சக்கரம் புதையும், இழுக்க ஆள் தேட வேண்டும்.

மாலைக்குமேல் போலீஸ் வண்டிகளை உள்ளே விடுவதில்லை, உள்ளே இருப்பவர்களையும் கிளப்பிவிடுவார்கள். காலையிலேயே போய்விடுங்கள். அரிச்சல்முனையில் குளிக்க இறங்காதீர்கள்; இரண்டு கடலும் சேருகிற இடம், பார்க்க அமைதி, அடியில் இழுவை.

ஜனவரி முதல் ஏப்ரல்வரை இந்த மணலில் ஆமை ஏறும். மீனவர்கள் பங்குனி ஆமை என்பது அதனால்தான். நூறு முட்டைக்குமேல் இடும். வனத்துறை ஆட்கள் இரவிலேயே நடந்து, தடம் பார்த்து, முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைப்பார்கள். ஐம்பது நாள் போலக் கழித்துக் குஞ்சு வரும். மாசி, பங்குனியில் வருகிறவர்கள் வனத்துறையிடம் கேட்டுவையுங்கள், குஞ்சு விடுகிற நாள் அமைந்தால் நின்று பார்க்கலாம். உள்ளங்கையில் பாதி அளவு. கடலைப் பார்க்க விட்டால் வெளிச்சம் தெரிகிற பக்கம் துடுப்பு துடுப்பாகத் தவழும். அதனால்தான் செல்போன் வெளிச்சம் அடிக்காதீர்கள் என்று கத்துகிறார்கள். அடித்தால் குஞ்சு கடலை விட்டு உங்களிடம் வரும்.

பையில் என்ன இருக்க வேண்டும், என்ன இருக்கக் கூடாது

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. கடைகள் தூரம் தூரமாக இருக்கும். தொப்பி, முழுக்கைச் சட்டை, காலைப் பிடிக்கிற செருப்பு. கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துக்கொண்டு வரும். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் வாந்தி மாத்திரையை அரைமணி முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள். செல்போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. போகிற வழியில் பதநீர், நுங்கு கிடைத்தால் விடாதீர்கள். தை மாதம் என்றால் பனங்கிழங்கு. கீழக்கரை வழியாகத் திரும்பினால் தொதல் வாங்கலாம், வாரக்கணக்கில் கெடாது.

எடுத்துப் போகக் கூடாததுதான் முக்கியம். பவளத் துண்டு, கடல்குதிரை, காய்ந்த கடல் அட்டை எதுவும் வேண்டாம். கடலில் கிடந்து செத்த பவளம்தானே என்பார்கள், செத்ததும் சட்டத்துக்குள்தான். கடையில் விற்கிற பெரிய சங்கு, சிப்பிகளில் எது தடை செய்யப்பட்டது என்று நமக்குத் தெரியாது. வளையலும் பாசிமணியும் வாங்கிக்கொண்டு நகர்வது நல்லது.

வண்டியில் ஏறுமுன் பிள்ளைகளின் சட்டைப்பையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். போன மாசியில் என் மகளின் பாவாடைப் பையிலிருந்து மூளை மாதிரி வரிவரியாக இருந்த ஒரு பவளத் துண்டு விழுந்தது. "இது மட்டும்ப்பா" என்றாள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். நாங்கள் இரண்டு பேரும் மறுபடி மணலில் நடந்து, தண்ணீர் கால் நனைக்கிற இடத்தில் வைத்துவிட்டு வந்தோம். அடுத்த அலை அதை எடுத்துக்கொண்டதா என்று அவள் மூன்று தடவை திரும்பிப் பார்த்தாள்.